பதினொரு நிமிடம்

மாரெனின் மடியில் இருக்கும் பேசும் பலகையை
பள்ளிக்கூடம்தான் நிரப்பிக் கொடுத்திருந்தது.
நாற்பத்தெட்டுப் பொத்தான்கள்.
"பாத்ரூம் போகணும், மிஸ்."
"எனக்கு ஜூஸ் பிடிக்கும்."
"மன்னிச்சிடுங்க" மட்டும் மூன்று இடத்தில்.
இருபத்திரண்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள்
மஞ்சள் பேருந்து வரவில்லை.

டுலூத் நகரில், ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில்
சலவையறை.
வெளியே ஏரியின் ஓரம் உறையத் தொடங்கியிருந்தது.
உள்ளே ஆவியில் என் மூக்குக்கண்ணாடி
நாளெல்லாம் குருடு.
ஆறு வாரம் அவளுடன் நிற்பது என் வேலை.
முதல் வாரம் முழங்கை தூரம்.
அடுத்தது மேசை தூரம்.
பிறகு கதவு. பிறகு காப்பி இயந்திரம்.
தேய்பிறைக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?
எனக்குக் கொடுக்கிறார்கள்,
வண்டிப்படியும் சேர்த்து.

நினைவூட்டாமல் மடித்த துண்டுகள்
நூற்றுக்கு எத்தனை என்று படிவம் கேட்கும்.
அவள் இடக்கை சொன்னபடி கேட்காது.
அதனால் அந்த முன்கையை
கல்வைப்பதுபோல் ஓரத்தில் வைத்துவிட்டு
வலக்கையால் ஒரே வீச்சு.
நான் காட்டிய முறை அல்ல அது.
நான் சுமந்துபோன மடிப்புச் சட்டம்
மூன்றாம் நாளே
கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை, பலகையைத் திருத்த உட்கார்ந்தோம்.
ஜூஸை அழி என்றாள். மிஸ்ஸை அழி.
மன்னிப்பில் ஒன்றை வைத்துக்கொண்டாள்.
காலியான இடங்களில்:
"இது என் ஷிஃப்ட் இல்லை."
"சம்பளச் சீட்டில் ரெண்டு மணி நேரம் குறையுது."
"கேட்காம என் நாற்காலியைத் தள்ளாதே."
பிறகு ஒரு கெட்ட வார்த்தை வேண்டும் என்றாள்.
நான் தயங்கினேன்.
சலவையறையில் எல்லாரிடமும் ஒன்று இருக்கிறதே என்று
எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.
நான்கு நிமிடம் ஆனது அந்த வாக்கியத்துக்கு.
சேர்த்தோம். கீழ் வரிசை, வலது மூலை.

ஐந்தாம் வாரம், செவ்வாய்.
ஏழு மணி ஷிஃப்டுக்கு
ஏழு பதினொன்றுக்கு வந்தாள்.
பேருந்தின் லிஃப்ட் பழுதா? இல்லை.
நடைபாதையில் பனியா? இல்லை.
தூக்குப் பாலம் உயர்ந்ததாம்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று,
விளக்குப் போட்ட ஒரு தெருவே எழுந்து நடப்பதுபோல
போய்க்கொண்டே இருந்ததாம்.
வால் மறையும்வரை பார்த்தாளாம்.

மேற்பார்வையாளர் வெர்லா காகிதத்தை எடுத்தார்.
முதல் எச்சரிக்கை.
காப்பி இயந்திரத்திலிருந்து ஓடினேன்.
ஐந்து வார தூரத்தை ஐந்தே எட்டில் கடந்து
"பாருங்க, இவளுக்கு..." என்று ஆரம்பித்தேன்.
எத்தனை அறைகளில், எத்தனை பேருக்காக
ஆரம்பித்திருக்கிறேன் இந்த வாக்கியத்தை.
வெர்லா நிமிரவில்லை.
"போன வாரம் டுவேனுக்கும்தான் கொடுத்தேன்."

மாரென் பலகையைத் தொட்டாள்.
கீழ் வரிசை, வலது மூலை.
அது வெர்லாவுக்கா, கப்பலுக்கா, எனக்கா,
இன்றுவரை தெரியாது.
(எனக்கு என்றுதான் நினைக்கிறேன்.)
பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள்.
கையெழுத்து
கோட்டைத் தாண்டி, தேதியையும் தாண்டி
காகிதத்தின் விளிம்பில் போய் நின்றது.

இரவு அவள் அம்மா அழைத்தார்.
திட்டுவார் என்று எழுந்து நின்றே பேசினேன்.
பள்ளியிலிருந்து வாரம் ஒரு தங்க நட்சத்திரம் வருமாம்.
எதற்கென்று கேட்டால்
யாருக்கும் சொல்லத் தெரியாதாம்.
"இவ செஞ்ச ஒண்ணுக்காக
இவளுக்கு வந்த முதல் காகிதம் இது" என்றார்.
நட்சத்திரங்களை உரித்துவிட்டு
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்.
அவர் சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா,
லைனில் சரியாகக் கேட்கவில்லை.

ஜனவரி நடுவில் துறைமுகம் மூடிவிடும்.
அதற்குள் இன்னும் சில கப்பல்கள் உண்டு.
மாரென் தன் அலாரத்தை
இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.