ஐஸ் கம்பெனி என்றொரு கோப்புறை

மூன்று வாரமாக நிரலில் ஒரு வரி நகரவில்லை.
எதைக் கொண்டு கட்டுவது என்பதே பேச்சு.

வலை இழுபட்ட தடத்தைப் படித்து
நீரோட்டத்தின் திசை சொல்லும் நிரல்.
‘நீவாடு’ என்று பேர் வைத்தது ரூபிஸ்டன்.
நாலாயிரத்துச் சொச்சம் வரி.
யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், திருத்தலாம்.
கட்டத்தான் ஆளுக்கொரு வழி.

என் மேக்ஃபைல்
மண்டபத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால்,
ஒரு வாடகை அறையில் எழுதியது.
லினக்ஸைத் தவிர வேறு கரை தெரியாது அதற்கு.
டேப் வர வேண்டிய இடத்தில் எட்டு இடைவெளி வந்தால்
பிரிப்பான் இல்லை என்று நின்றுவிடும்.
கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.
அடியில் பார் கிடக்கிற தண்ணீரும் கிடக்காத தண்ணீரும்
மப்பு நாளில் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோல.

ஷார்ஜாவிலிருந்து அஸ்மத் நாச்சியா எழுதினாள்: மெசான்.
வாசித்தால் புரியும், பின்னால் நிஞ்சா ஓடும்,
இருபது நொடி வேலை மூன்று நொடி.
கீழக்கரைக்காரி, புரட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டாள்.
எனக்கும் சரியென்றே பட்டது.
‘அதுக்கு பைத்தான் வேணுமே’ என்றான் ரூபிஸ்டன்.
‘போட்டுக்கோ.’
‘எனக்கில்ல. ஐஸ் கம்பெனிக்கு.’

நார்வேக்காரர் ஒருவர் பேசல் என்றார்.
வத்தைக்கு விசைப்படகு எஞ்சின்.
மரியாதையாக நன்றி சொன்னோம்.

ஐஸ் கம்பெனியில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர்.
விண்டோஸ். உப்புக்காற்றில் இரண்டு விசை அமுங்கினால் எழாது.
படகுக்காரர்கள் ஜிபிஎஸ் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போவது அங்கேதான்.
கட்டி முடித்ததையே அனுப்பிவிடலாமே என்றால்,
கணக்கர் வில்லாயுதம் சும்மா வாங்கி வைத்துக்கொள்பவர் இல்லை.
ஒரு தினுசு ஜிபிஎஸ்ஸின் தேதிக் கோளாறை
அவர்தான் கண்டுபிடித்தார்,
அவரே திருத்தியும் அனுப்பினார்.
அவர் மேசையிலும் கட்ட வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர் இட்ட பயனர் பெயர்
தமிழில், நடுவே ஓர் இடைவெளி விட்டு:
ஐஸ் கம்பெனி.

படகு போகாத நாளாகப் பார்த்து
பென்டிரைவோடு போனேன்.

மேக், ‘ஐஸ்’ வரை படித்து ‘கம்பெனி’யைத் தொலைத்தது.
மெசானுக்காக பைத்தானை இறக்கினோம்;
எண்பத்தொன்று சதவீதத்தில் நெட் போனது,
பிறகு கரண்டும்.
சணல் சாக்கடியில் ஐஸ் உருகும் சத்தம் கேட்டுக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.
‘இங்க சோழகம் அடிச்சா படகை வடகடல்ல கட்டுவாங்க,
வாடை பொறந்தா தென்கடல்ல.
படகு ஒண்ணுதான் தம்பி, கட்டுற எடம்தான் வேற.
நீங்களும் இதைத்தான் மூணு வாரமாப் பேசுறீங்களா?’
ஏறக்குறைய, என்றேன்.

கரண்ட் வந்ததும் சிமேக்.
அதன் மொழி யாருக்கும் பிடிக்காது.
சத்தம்போடுவதுபோல் எல்லாம் பெரிய எழுத்து,
எதற்கு என்று தெரியாத பதினாறு எச்சரிக்கை.
முணுமுணுத்துக்கொண்டே
ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்து, கட்டி முடித்து,
ஒன்றுமே நடக்காததுபோல் வெளியே வந்தது.

பைத்தானையும் பென்டிரைவில் கொண்டுபோயிருக்கலாமே
என்றாள் அஸ்மத், ராத்திரி.
போயிருக்கலாம்.
தன் மேக்புக்கில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு
‘பிடிக்கவில்லை, சம்மதம்’ என்று எழுதினாள்.
நார்வேக்காரரும் அதே இரண்டு சொல்.
நான் மேக்ஃபைலை அழித்தேன்.

மறுநாள் காலை வில்லாயுதத்திடமிருந்து படம்:
ஐஸ் பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதிய விடை.
வடக்கே, அரை நாட்.
கீழே சிவப்பில்:
பொய். அன்னைக்குத் தண்ணி தெக்கே இழுத்துச்சு.
வலை போட்டவன் இங்கதான் நிக்கிறான்.

பார்த்தோம்.
கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல்.
முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.
நால்வரும் அவரவர் கரையில்
ஒரு வரியைத் திருத்திக் கட்டினோம்.