தலை எண்ணிக்கை

முதலில் உயரத்தில்தான் தகராறு.
நிற்பவர் கண்ணுக்கு நூற்றறுபது சென்டிமீட்டர்,
உட்கார்ந்தவர் கண்ணுக்கு நூற்றிருபது.
நூற்று நாற்பதில் நிறுத்தினோம்,
எல்லோருக்கும் பொதுவாக,
ஒருவருக்கும் பொருந்தாமல்.

தம்பெரெ நகரில் பளுதூக்கி செய்யும் ஆலை, மூன்றாம் தளம்.
அடியில் இரண்டு சக்கரம், நடுவே அலுமினியக் குழாய்,
உச்சியில் திரை,
திரையில் ராய்லி.
எழுநூறு கிலோமீட்டர் வடக்கே கெமியார்வியில்
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்,
மற்ற நாள் பற்சக்கரம்.

கேமரா திரைக்கு மேலே இருந்தது.
அவர் எங்கள் கண்ணைப் பார்த்தபோதெல்லாம்
சட்டைப் பொத்தானைப் பார்ப்பதாகத் தெரிந்தது.
முகங்கொடுத்துப் பேசுவதில்
முகம் சுலபம்.
கொடுப்பதற்குத்தான் நான்கு மாதம் ஆயிற்று.

தன் குரல் இங்கே எவ்வளவு சத்தம் என்று
அங்கே அவருக்குக் கேட்காது.
மேலாளரின் மூக்கைப் பற்றி
ஹெய்மோவிடம் காதோடு காதாகச் சொன்னது
தளம் முழுக்க ஒலித்தது,
மேலாளர் உட்பட.

பரிசோதனைக் கூடத்தின் நிலைப்படி
இரண்டே சென்டிமீட்டர்.
சக்கரம் முட்டும், பின்வாங்கும், முட்டும்.
ஹெய்மோ பூந்தொட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி
அந்தப் பக்கம் வைப்பான்.
நல்ல மனசுதான்.
அவனுக்காக ஒரு கைப்பிடி வரைந்து காட்டினேன்.
"பெட்டிக்குத்தானே கைப்பிடி?" என்றார் ராய்லி.
வரைபடத்தைக் கிழித்தேன் என்று எழுத ஆசை.
அது கணினியில் இருந்தது. அழித்தேன்.
தச்சரை அழைத்து
நிலைப்படியைச் செதுக்கினோம்.

அடுத்தது மௌனம்.
எட்டு வினாடி யாரும் பேசாவிட்டால்
இணைப்பு அறுந்தது என்று திரை அணையும்.
பேச்சு நிற்காத வேறேதோ ஊரில்
யாரோ எழுதிய நிரல்.
இங்கே ஒரு கேள்விக்குப் பதில் வர
எட்டு வினாடி என்பது அவசரம்.
ராய்லி யோசிக்கத் தொடங்கும்போதெல்லாம்
செத்துச் செத்துப் பிழைத்தார்.

அந்த வரியை நீக்கிய வாரம்
தீயணைப்பு ஒத்திகை.
மணி அடித்தது, லிஃப்ட் நின்றது,
படியில் இறங்கினோம்.
முற்றத்தில் முழங்கால் பனி.
தூலா பட்டியலைப் பார்த்துத் தலை எண்ணினாள்.
பதினொன்று. சரி, என்றாள்.
சரி என்றுதான் எங்களுக்கும் தோன்றியது.
ஹெய்மோதான் அண்ணாந்து பார்த்தான்.

மூன்றாம் தளச் சன்னலில்
சின்னதாக ஒரு நீல வெளிச்சம்,
நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில்,
எங்களைப் பார்த்தபடி.

கெமியார்வியில் அவருக்கு ஓர் ஆபத்தும் இல்லை.
காலில் கம்பளி உறை,
கையெட்டும் தூரத்தில் காப்பி.
தெரிந்தும் ஹெய்மோ கதவை நோக்கி
ஓரடி வைத்தான்.
தூலா கை நீட்டித் தடுத்தாள்.
யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பது நிமிடம் கழித்து மேலே போனோம்.
சன்னலில் அவர் இல்லை.
ஆறிய கோப்பைகளுக்கும்
தள்ளிவிட்டுப் போன நாற்காலிகளுக்கும் இடையில்
எப்படியோ வழி கண்டு
வெள்ளைப்பலகை முன் நின்றிருந்தார்,
எங்களுக்கு முதுகு காட்டி.
அதற்கு முதுகு உண்டென்று
அதுவரை நினைத்ததில்லை.
வரைபடத்தில் 'பின்புறம்' என்றுதான் எழுதியிருந்தேன்.

"மூன்றாவது வரி," என்றார் திரும்பாமல்.
"பாதுகாப்புக் காரணியை
இரண்டு தடவை பெருக்கியிருக்கிறீர்கள்."

பிறகு ஒன்றும் பேசவில்லை.
எட்டு வினாடி.
இருபது.
ஹெய்மோவின் காலணியிலிருந்து
பனி உருகித் தரையில் சொட்டியது.
திரை அணையவில்லை.

மறுநாள் தூலா பட்டியலில்
பன்னிரண்டாவது பெயரைச் சேர்த்தாள்.
'ஒன்றுகூடும் இடம்' என்ற கட்டத்தில்
என்ன எழுத, என்று கேட்டாள்.
முற்றம் என்றேன். இல்லை, கெமியார்வி என்றேன்.
அவள் பேனாவை மூடினாள்.
அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.