பத்துக்கு எட்டு

ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில்
பழைய ஃபைல்கள் கிடந்த அறையை ஒதுக்கி
ஒரு மேசையும் போனும் தந்தார்கள்.
வேலை இதுதான்:
இடுப்புக்கு மேலே வெட்டித் தைத்தவர்களை
ஆறாம் கிழமை, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம்
கூப்பிட்டுக் கேட்க வேண்டும்,
நோ எவ்வளவு என்று.

தமிழ்த் தாளில் 'வலி' என்று அச்சடித்திருந்தது.
போனில் எவரும் அதைச் சொல்வதில்லை.
உளையுது என்பார்கள், கடுக்குது என்பார்கள்.
செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்
"காலுக்குள்ள கரண்ட் ஓடுது" என்றார்.
மாளிகாவத்தை றிஸ்வியா உம்மா
"எறும்பு ஊருது மகள், செத்த எறும்பு" என்றார்.
எல்லாவற்றையும் ஓர் இலக்கமாக்கிக்
கட்டத்துள் எழுதினேன்.

சந்தியாகு. ஐம்பத்திரண்டு. ஜிந்துப்பிட்டி.
ஐந்தாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமந்தவர்.
ஒப்பரேஷனுக்கு முன்: இரண்டு.
ஆறாம் கிழமை: ஐந்து.
மூன்றாம் மாதம்: ஏழு.
வியாழக்கிழமைக் கூட்டத்தில், திரையில்,
அவருடைய கோடு ஏறிக்கொண்டே போனது.
டொக்டர் பேனையை மூடினார், திறந்தார், மூடினார்.
"இவருக்கு ஏன் வெட்டினோம்?"
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

இன்று ஆறாம் மாதம்.
மூன்றாவது தரம் அடித்தபோது எடுத்தார்.
பின்னால் லொறி ஹோர்ன்,
யாரோ வெங்காய விலை கத்துகிறார்கள்.

"பாரமான சாமான் தூக்க முடியுதா?"
"எது பாரம், மிஸ்?"
தாளைப் பார்த்தேன். தாளுக்குத் தெரியவில்லை.
"அம்பது கிலோ சீனி மூட்டை
அப்ப எனக்குப் பாரமில்ல.
போன மார்கழியில பல் விளக்கக் குனியிறது பாரம்.
இப்ப தண்ணி வாளி தூக்குறேன்.
மூட்டை தூக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்குறதில்ல.
முதலாளி ஒரு ஸ்டூல் குடுத்து
துண்டு எழுத வச்சிருக்கார்."

"எவ்வளவு தூரம் நடப்பீங்க?"
"கொச்சிக்கடை அந்தோனியார் வரைக்கும். செவ்வாய்க்கிழமை.
வர்றதும் நடைதான்."

எட்டாம் கேள்வியை விழுங்கிவிட்டு
ஒன்பதுக்குத் தாவினேன்.
"ஒன்னு விட்டுட்டீங்க மிஸ்.
பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்,
எட்டாவது வீட்டுக்காரி சம்பந்தமானதுன்னு.
எழுதிக்குங்க, பிரச்சினை இல்ல."
காது சுட்டது. எழுதினேன்.

"கடைசியா, பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும்..."
"எட்டு!"
முடிக்க முன்னமே சொன்னார்,
ரிப்போர்ட் கார்டை நீட்டும் பிள்ளையின் குரலில்.

எட்டு.
இப்படிச் சிரித்துக்கொண்டு எட்டு.

"ஐயா, எட்டென்றால் நோ கூட."
ஒரு லொறி பின்னுக்கு எடுத்து முடியும்வரை
அவர் பேசவில்லை.
"நோவுக்கா மார்க்ஸ் போடுறீங்க?
நான் முதுகுக்குன்னுல்ல நெனச்சேன்.
மூனாம் மாசம் ஆறுதான் மிஸ்.
டொக்டர் மனசு நோகும்னு
ஒன்னு கூட்டிச் சொன்னேன்."

எழுதியதை அழிக்கக் கூடாது என்பது விதி.
ஓரத்தில் குறிப்பு எழுதலாம்; கையொப்பம், திகதி.
எழுதினேன்.
பிறகு அலுமாரியைப் பார்த்தேன்.
நூற்றுப் பதினெட்டுப் பேர்.
எத்தனை பேர் நோவைச் சொன்னார்கள்,
எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள்,
எத்தனை பேர் எங்களுக்காக
ஒன்றைக் கூட்டினார்கள், குறைத்தார்கள்?
றிஸ்வியா உம்மாவின் மூன்று
எந்தப் பக்கத்து மூன்று?

சந்தியாகுவின் வரைபைக் கையிலெடுத்துத்
தலைகீழாகத் திருப்பினேன்.
அப்போதும் கோடு ஏறித்தான் நின்றது.
இன்னொரு தரம் திருப்பினேன். ஏறித்தான்.
தாளின் முதுகை என் பக்கம் வைத்து
மேலைக் கீழாக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த பிறகுதான்
அது இறங்கியது,
மருதானைத் தகரக் கூரைகள் பின்னால் தெரிய,
மெல்ல, இரண்டு வரைக்கும்.

மாளிகாவத்தைக்கு அடிக்கிறேன்.
மணி போகிறது.
இன்னும் எடுக்கவில்லை.