நயா பைசா

முப்பத்தொரு நாவல்களில்
என் இளவெயினி ஒருமுறைகூடத் தோற்றதில்லை.
மண்ணைக் கிள்ளி மோந்து பார்ப்பாள்.
பானை ஓட்டை வெயிலில் ஒரு திருப்பு.
நூற்றெழுபதாம் பக்கத்தில்
எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து
விரலை நீட்டுவாள்.
காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் இருபத்தைந்து ரூபாய்.
மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

அந்தத் தைரியத்தில்தான்
இன்ஸ்பெக்டர் ஒச்சப்பன் எனக்குப் போன் போட்டிருக்க வேண்டும்:
"சார், பள்ளத்தூர்ல ஒரு எலும்பு.
அப்படியே நீங்க எழுதுற மாதிரி."

ஓட்டலாக மாறிக்கொண்டிருந்த வீடு.
பதினேழு பங்காளிகள், ஆறு நாடுகள்.
மூன்றாம் கட்டில் கழிப்பறை வைக்க
ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்த பிளம்பர்
முதலில் பார்த்தது ஒரு குதிகால்.
அதன்பிறகு ஒரு பீடி பற்றவைக்க
அவருக்கு நாலு குச்சி ஆயிற்றாம்.

நிஜத் தொல்லியல்காரி மறுநாள் வந்தாள்,
சிவகங்கையிலிருந்து, பஸ்ஸில்.
ஜெசிந்தா.
முழங்காலுக்குப் போட ஒரு ரப்பர் பாய்,
பழைய பல் பிரஷ், மூங்கில் குச்சி,
எண் போட்ட ஐஸ்கிரீம் டப்பாக்கள்.
"மோந்து பார்க்கலையா?" என்றேன்.
"சளி," என்றாள்.

இரண்டு நாள் குந்தியிருந்தாள்.
பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம்.
அதில் ஒன்று தரையைப் பற்றி:
"இந்த ஒன்பது கல்லுல மட்டும்
பூ வேற பக்கம் பாக்குது.
பதிச்சவனுக்கு அவசரம். இல்லேன்னா ராத்திரி."

இடுப்பெலும்பை ஒட்டி,
மக்கிப்போன வேட்டி முடிச்சில்,
பச்சைக் களிம்பேறி ஒரு நயா பைசா.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு.

பேரேடுகள் பரணில் கிடந்தன,
கறையான் மிச்சம் வைத்தவை.
துன்முகி வருஷம், தை இருபது.
இரண்டு வரிகளுக்கு நடுவே
நெருக்கி நுழைத்த ஒரு வரி:
'சமையல் வேலாண்டி கணக்குத் தீர்த்து
ஊருக்குப் போன வகையில் ரூ. 18.'

எனக்குப் புல்லரித்துவிட்டது.
தையில் ஊருக்குப் போனவன் மடியில்
பங்குனியில் புழக்கத்துக்கு வந்த காசு!
மனசுக்குள் கூடத்தைப் பெருக்கி
நாற்காலிகளைப் போட்டுவிட்டேன்.
விரல்கூட நீண்டுவிட்டது.

யாரைப் பார்த்து?
எழுதிய கணக்கப்பிள்ளை செத்து நாற்பது வருஷம்.
எழுதச் சொன்னவர் முகப்பில் தொங்குகிறார்,
ரங்கூன் கோட்டும் சந்தனப் பொட்டுமாக,
கண்ணாடிக்குள் ஒரு பல்லி முட்டையோடு.
பங்காளிகள் வீடியோ காலில் வந்தார்கள்.
சிங்கப்பூரில் இருப்பவர் ஒன்றே ஒன்று கேட்டார்:
"டிசம்பருக்குள்ள திறந்துடலாமில்ல?"
மற்றவர்கள் மைக்கை அணைத்திருந்தார்கள்.

ஒச்சப்பன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.
"ஆள் இல்லாத கேஸ் சார் இது.
எஃப்.ஐ.ஆர்.ல யார் பேரைப் போடுறது?"

சாயங்காலம் டீக்கடை பெஞ்சில்
ஜெசிந்தா என் நாவலைப் புரட்டினாள்.
"உங்க பொண்ணு கரணையைத் தப்பாப் பிடிக்கிறா.
பத்து நாள்ல மணிக்கட்டு போயிடும்."
கடைசி அத்தியாயம் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் டப்பாக்களை எண்ணத் தொடங்கியிருந்தாள்.
ஏழாம் டப்பாவில் 'ஆண், வயது 30-35' என்று இருந்தது.
அதன் கீழே பென்சிலால் 'வேலாண்டி' என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
"எந்த ஊருன்னு கணக்குல இருக்கான்னு பாருங்க.
யாராவது மிச்சம் இருப்பாங்க."

முப்பத்திரண்டாவது நாவலுக்கு அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள்.
நான் தையிலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
மார்கழி: வேலாண்டி சம்பளம், பன்னிரண்டு.
கார்த்திகை: வேலாண்டி சம்பளம், பன்னிரண்டு.
ஐப்பசி: வேலாண்டி பற்று,
செருப்பு வாங்க, ஒன்றேகால் ரூபாய்.
ஊர் இல்லை.