பதினொன்று

ரோஸ் பெல் தாண்டி
கரும்பு முடிந்து கருங்கல் குவியல் தொடங்குமிடத்தில்
தகரக் கூரை, இருபத்தாறு கூண்டு.
நாங்கள் எட்டுப் பேர்,
முதுகில் கல்லூரிப் பெயர் அச்சிட்ட
ஒரே மஞ்சள் டி-ஷர்ட்.
கிளம்புமுன் பாளையங்கோட்டையில்
ஆளுக்கு மூன்று ஊசி.
"மொரிஷியஸில் வெறிநோயே கிடையாதே"
சிரித்தாள் லிண்டியா சினாப்பென்.
சின்னப்பன் என்று நான் திருத்தினேன்.
இல்லை, சினாப்பென், என்றாள்,
தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்தாள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாறு ஊசி என்று
சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு என்னுடையது.
நாயைப் பார்த்ததும் குனிவேன்.
கல் இருக்கிறதோ இல்லையோ
குனிந்தாலே ஓடிவிடும்.
இங்கே குனிந்தேன்,
விழுந்த வாளியை எடுக்கத்தான்.
இருபத்தாறு கூண்டும்
ஒரே நொடியில் பின்வாங்கின.

குனிதல் தெரிந்திருந்தது அவற்றுக்கு.
மற்றதெல்லாம் நாங்கள் கற்கவேண்டியிருந்தது.
வினி என்றால் வா.
அசிஸ் என்றால் உட்கார்.
ஆலே என்றால் போ.
எபனேசர் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தான்,
முதல் குளியலிலேயே அழிந்துபோனது.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று
பாதிதான் சொன்னாள் சண்பகக்கனி,
அதற்குள் அது உடம்பை உதறி
நாலு பேரை நனைத்தது.
மீதியைச் சொல்ல
யாருக்கும் வாய் வரவில்லை.
சொறி மருந்தின் கந்தக நாற்றத்தோடு
நின்றபடியே ரொட்டி தின்றோம்.
விமானம் தாழ வரும்போதெல்லாம்
எல்லாம் சேர்ந்து ஊளையிடும்,
பிறகு வெட்கப்பட்டதுபோல் நிறுத்தும்.

திங்கட்கிழமை மாயேபூர் சந்தைப் பக்கமிருந்து
அரிசிச் சாக்கில் ஐந்து குட்டிகள்.
மூன்று நடந்து வெளியே வந்தன.
மற்ற இரண்டுக்கும் வேலியோரம் குழி தோண்டினோம்.
மண்வெட்டி கல்லில் பட்டுப் பட்டு நின்றது.
அந்த மண்ணில் எதைப் புதைப்பதென்றாலும்
முதலில் கல்லெடுக்க வேண்டும்.
எடுத்தேன். ஒவ்வொன்றாக.
நாய்க்காக நான் எடுத்த முதல் கல்.

பதினொன்றாம் கூண்டில் ஒரு செவலை.
இடது காதில் பாதி இல்லை.
மூன்று நாள் முகம் காட்டவில்லை,
நாலாம் நாள் என் ஷூ லேஸைத் தின்றது.
பெயர் வைக்கலாமா என்றேன்.
லிண்டியா நோட்டைக் கொண்டுவந்தாள்.
போன ஜூனில் வந்த ஜெர்மன்காரர்கள்: ப்ரூனோ.
அதற்கு முன் லியோனிலிருந்து வந்த பெண்கள்: காரமெல்.
டர்பன் பையன்கள்: சீஃப்.
ஒரு கொரியக் குழு எழுதியதை
அவளால் வாசிக்க முடியவில்லை.
"ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கப் பழகும்.
பழகி முடியும்போது
உங்கள் வேன் வந்துவிடும்."
அவள் கூப்பிடுவது ஓன்ஸ்.
பதினொன்று, அவ்வளவுதான்.
குறையாகச் சொல்லவில்லை,
கடைக் கணக்கை ஒப்படைக்கும் குரல்.

நோட்டை மூடினேன்.
என்னிடம் ஒரு பெயர் இருந்தது, நல்ல பெயர்.
அங்கே சொல்லவில்லை,
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

கடைசி நாள் காலையில் மழை.
ரிஸ்வானா ஒவ்வொரு கூண்டாகப் போய் அழுதாள்.
எபனேசர் ஒவ்வொரு கூண்டாகப் போய்ப் படமெடுத்தான்.
நான் தட்டுக் கழுவினேன்.
பதினொன்றின் தட்டை வைக்கும்போது
வினி என்றேன், வந்தது.
அசிஸ் என்றேன், உட்கார்ந்தது.
அப்புறம், தெரியாமல்,
போயிட்டு வரேன் என்று வந்துவிட்டது வாயில்.
போறேன் என்று சொல்லக்கூடாதென்று
வாசல்தோறும் நாங்கள் சொல்லும் பொய்.
அதற்குப் புரியவில்லை.
தலையைச் சாய்த்து
பாதிக் காதை நிமிர்த்தி
இன்னொரு தடவை சொல் என்பதுபோல் பார்த்தது.
நான் சொல்லவில்லை.

திருப்பத்தில் எதிரே இன்னொரு வேன்,
உள்ளே எல்லோரும் நீல டி-ஷர்ட்.
வாசலில் லிண்டியா, கக்கத்தில் நோட்டு.
குழாயை ஏற்கெனவே
திறந்துவிட்டிருந்தாள்.