ஓரங்கட்டு

எடப்பள்ளி போஜன் அவில்தாரிடம்
எழுபத்தெட்டாயிரத்துக்கு வாங்கிய ஆம்னி.
ஸ்டெப்னி கிடையாது. பின்கதவு கயிற்றில் நிற்கும்.
முன்கண்ணாடியின் இடது மேல்மூலையில்
சிவப்பில் ஒரு ஸ்டிக்கர்,
குறுக்கே இரண்டு வாள்.
"சுரண்டிடு தம்பி" என்றார் சாவியைத் தரும்போது.
மறந்துவிட்டேன்.
முதலில் உண்மையாகவே மறந்தேன்.

விடிகாலை நாலுக்குக் குன்னூரிலிருந்து இறங்குவேன்,
வண்டி நிறைய வர்க்கி, சூடு ஆறாமல்.
பர்லியாறு சோதனைச் சாவடியில்
எனக்கு முன்னால் கேரட் லாரிக்காரர்
மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு
எதையோ மன்றாடிக்கொண்டிருப்பார்.
டார்ச் வெளிச்சம் என் கண்ணாடியில் ஏறும்.
மூலையில் ஒரு நொடி நிற்கும்.
பிறகு விறைப்பாக ஒரு சல்யூட்:
"போங்க சார்."

சார்.
முப்பத்தொன்பது வயதுக்குள் என்னை அப்படி அழைத்தது
ஒரே ஒரு பேங்க் பியூன்,
அதுவும் எனக்குப் பின்னால் நின்றவரை.

மூன்றாம் வாரம் முதுகை நிமிர்த்தி ஓட்டினேன்.
ஐந்தாம் வாரம் மீசையை ஒதுக்கினேன்.
ஸ்டிக்கரின் ஓரம் லேசாக உரிந்தபோது
வர்க்கிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் பசையால்
நானே அழுத்தி ஒட்டினேன்.
இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆடிக் காற்றில் ஒருநாள்
ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது.
வரிசையில் நின்ற என் ஜன்னலுக்கு வந்தான்.
மழைக்கோட்டுக்குள் சின்னப் பையன்.
பெயர்ப்பட்டையில் வீரணன்.
"சார் எந்த ரெஜிமெண்ட்?"

வெலிங்டன் என்று சொல்லியிருக்கலாம்.
அங்கே ரெண்டு கடைக்கு வர்க்கி போடுகிறேன், பாதி நிஜம்.
"பேக்கரி" என்றேன்.

டார்ச் அணைந்தது.
மறுபடி எரிந்தபோது என் கண்ணில் எரிந்தது.
"இறங்கு."
எத்தனை சுலபமாக உதிர்கிறது
ஒரு சொல்லின் வால்.

ஆர்சி. இன்சூரன்ஸ். புகைச் சான்று.
உரிமத்தின் முகவரியில் விரலை ஓட்டினான்:
தாயகம் திரும்பியோர் குடியிருப்பு.
"இது என்ன, பட்டாளத்துக் காலனியா?"

இல்லை. அப்பா அட்டனிலிருந்து கப்பலில் வந்தவர்.
மூன்று வருஷம் கழித்து அதே கடலை
எதிர்ப்பக்கமாகத் துப்பாக்கியோடு தாண்டியவர் போஜன்.
திரும்பி வந்ததற்கு இரண்டு பேருக்கும்
காகிதம் கொடுத்தார்கள்.
ஒன்றைத்தான் கண்ணாடியில் ஒட்ட முடியும்.
இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. நல்ல மழை.

"நாப்பத்தோரு நாள் உனக்கு சல்யூட் அடிச்சிருக்கேன்யா."
எண்ணி வைத்திருக்கிறான்.
ஆள்சேர்ப்பில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தானாம்.
மருத்துவ அறையில் கையை நீட்டச் சொன்னார்களாம்.
உள்ளங்கை வியர்க்கிறது என்று தள்ளிவிட்டார்களாம்.
அடுத்த வருஷம் வயசு ஒரு மாசம் கூடிப்போச்சு.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை,
விழுந்த மரத்தைப் பார்த்துச் சொன்னான்.

சாவடியிலிருந்து பிளேடு கொண்டுவந்தான்.
நான் சுரண்டினேன், அவன் டார்ச் பிடித்தான்.
பழைய பசை சுலபத்தில் வந்தது.
நான் போட்டது வரவில்லை.
ஐந்நூறு அபராதம், ரசீதோடு.
வர்க்கி நீட்டினேன். வாங்கவில்லை.

இப்போது கேரட் லாரிக்குப் பின்னால்
நானும் இறங்கி நிற்கிறேன்.
லாரிக்காரர் பெயர் துரைப்பாண்டி,
மூன்று பெண்பிள்ளைகள்,
அவருக்குச் சர்க்கரை.

பனி இறங்கும் நாட்களில்
கண்ணாடியின் அந்தச் சதுரம் மட்டும் வெளுத்து நிற்கும்.
டார்ச் அங்கே போய் நிற்கிறது.
அவன் வலது கை தானாகத் தோள்வரை எழுகிறது,
பாதியில் நினைவு வந்து
பக்கவாட்டில் சாய்கிறது.
"ஓரங்கட்டு."
கட்டுகிறேன்.
உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு
என் காகிதங்களை வாங்குகிறான்.