சரிவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே எங்கள் கடை.
மேலே பேருந்து போகும்போதெல்லாம்
திரையில் நான் வரையும் கல்லறை
ஒரு நூல் நடுங்கும்.

கேட்லாக் உண்டு.
முதலில் மொசைக் காலம். சிப்ஸ் போட்டு, பச்சைக் கரை வைத்து,
குளியலறைத் தரைக்கும் கல்லறைக்கும்
ஒரே மேஸ்திரி, ஒரே கலவை.
அப்புறம் டைல்ஸ்.
அப்புறம் கறுப்பு கிரானைட்.
பூ வைக்க வந்தவர்கள் அதில் முகம் பார்த்துத்
தலை கோதிக்கொண்டார்கள்.
லேசர் வந்தது. வாழ்நாளில் கோட்டு போடாதவர்கள்
கோட்டு போட்டுச் சிரித்தார்கள்.
இப்போது எல்லோரும் கேட்பது
சாம்பல் நிறம், மெலிந்த எழுத்து, மூலையில் சின்னச் சிலுவை.
"சிம்பிளா, ஆனா ரிச்சா."

சாவுக்கு எதற்கு மாடல் என்று
எனக்கு உள்ளூர ஒரு கூச்சம்.
அதனால் யாரும் கேட்காமலேயே
ஒன்று வரைந்து வைத்திருந்தேன்.
ஒரே கல். ஒரு பெயர். இரண்டு தேதி.
நூறு வருஷம் கழித்துப் பார்த்தாலும்
எந்த வருஷத்து வேலை என்று சொல்ல முடியாதது.
கோப்பின் பெயர்: காலமற்றது ஒன்று.

ஆடிச் சாரலில் வந்தார் ஹெப்சிபாய் அக்கா.
மின்வாரியத்தில் கணக்கு எழுதுகிறவர்.
குடையை வெளியே சாய்த்து வைத்தார்.
கணவர் பெயர் ஞானாபரணம். நாற்பதாம் நாள் ஆகவில்லை.
இவருக்குத்தான் என்று அதைத் திறந்து காட்டினேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
"கொள்ளாம். ஆனா இது யாருக்க கல்லற?"

எப்பவும் பழசாகாது அக்கா, என்றேன்.

"அப்பம் அவருக்கு வேண்டாம்.
பெல்பாட்டம் வந்தப்பம்
குழித்துறையில மொதல்ல தச்சுப் போட்டவரு.
சஃபாரி வந்தா சஃபாரி.
கிருதாவ எத்தன மட்டம் ஏத்தி எறக்கினாருன்னு
எனக்குத்தான் தெரியும்.
டயாலிசிஸ் நடக்கும்போ
பேரனுக்க ஷூவப் பாத்து அதே வேணும்னாரு.
வாங்கிக் குடுத்தோம்.
காலு நீரு வெச்சு வீங்கிக் கெடந்துது,
லேஸு கெட்ட முடியல்ல.
காலமில்லாத ஒண்ண அவருக்க மேல வெச்சா
யாருக்க கல்லோன்னு எழும்பிப் போயிருவாரு.
இப்பம் எது நடப்போ அதப் போடுங்க."

பத்து வருஷத்துல பழசாயிடுமே அக்கா?

"ஆகட்டு.
எந்தக் காலத்து ஆளுன்னு கல்லே செல்லுமே."

சாம்பல் நிறத்தை இழுத்து வைத்தேன்.
மெலிந்த எழுத்து. மூலையில் சிலுவை.
அவர் பெயருக்குப் பக்கத்தில் பாதிக் கல் காலி.
அதுக்கும் இதே எழுத்துதானே என்று
கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.
"அன்னைக்கு என்ன நடப்போ, அது" என்றார்,
பில்லில் ஜிஎஸ்டியைச் சரிபார்த்தபடி.

கல் பதிக்கும் தாசையன்
வரைபடத்தை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டார்:
"சரிவு எவ்வளவு?"

மொசைக்கிலும் ஒரு விரல். கிரானைட்டிலும் ஒரு விரல்.
தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு.
ஆடியிலும் ஐப்பசியிலும் வானம் திறக்கும் ஊர்.
தண்ணீர் தங்கினால் பாசி,
பாசி பிடித்தால் பெயர் போகும்.
கேட்லாக்கில் எந்தப் படத்திலும் அது தெரியாது.
அதற்காக யாரும் விலை பேசியதும் இல்லை.

பதித்த அன்றைக்கே மழை.
அக்கா முதலில் பெயருக்கு மேல் குடை பிடித்தார்,
பிறகு என்ன நினைத்தாரோ, தனக்கே பிடித்துக்கொண்டார்.
தண்ணீர் ஞானாபரணத்தின் மேலும்
பக்கத்துக் காலியிடத்தின் மேலும்
நிற்காமல் ஓடிக் கால்மாட்டில் சொட்டியது.

நேற்று அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன்.
சரிவு வைக்கவே மறந்திருக்கிறேன்.
அந்த எழுத்து வேறு,
நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்
குமரி மாவட்டம் முழுக்க
கல்யாணக் கார்டில் போட்டது.